கடைசிப் பத்து மீட்டர்

பதினொன்று, பன்னிரண்டு, பாறைக்குப் பின்னால் பதுங்கும் அந்தக் குண்டனையும் சேர்த்தால் பதின்மூன்று என்று சிந்தாமணி செப்பிலி மீன்களை எண்ணிக்கொண்டிருந்தபோது டங் டங்கென்று சத்தம் வந்தது. ஜெரோம்தான். இடுப்பில் செருகியிருக்கும் இரும்புக் கம்பியை எடுத்து முதுகுச் சிலிண்டரில் தட்டுகிறான். பதினாறு மீட்டர் ஆழத்தில், மூச்சு விடும் ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் கூப்பிட வேறு வழி கிடையாது. அவள் பாதி திரும்பினாள். மீதிப் பாதி செப்பிலிகளிடம் இருந்தது. கூட்டமாகப் போகிற மீனை எண்ணும்போது கண்ணை எடுத்துவிட்டால் அவ்வளவுதான், எண்ணியதும் எண்ணாததும் கலந்துபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதுவரை அவை நமக்காகக் காத்திருக்காது. கலங்கலுக்குள் காலில் மாட்டும் மஞ்சள் ஃபின் ஒன்று அசைந்தது, ஒரு கை ஏதோ காட்டியது. அவள் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துச் சரி என்று காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். பதினான்கு, பதினைந்து. கடைசியில் முப்பத்து நான்கு. முன்கையில் கட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்லேட்டில் பென்சிலால் எழுதினாள்: செப்பிலி, 34, இருபது சென்டிமீட்டர். தண்ணீருக்குள் எல்லாமே உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், அந்த மிகையைக் கழித்துத்தான் இருபது. இந்தக் கழித்தல் பதினோரு வருடத்தில் அவள் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. கரையில்கூட யாராவது தன் பிள்ளையைப் பற்றிப் பெருமையாக ஏதாவது சொன்னால் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் கேட்பாள்.

வேலை என்று பார்த்தால் சின்ன வேலைதான். தூத்துக்குடியிலிருந்து படகில் ஒன்றரை மணி நேரம் வந்தால் இந்தப் பவளப்பாறைத் திட்டு. மீனவர்கள் இதைப் பார் என்பார்கள். பாரின் மேல் ஐம்பது மீட்டர் அளவு நாடா ஒன்று கிடக்கும். அதன் இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் என்ன மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். மீன் பார்க்கிறவள் முன்னால், தரை பார்க்கிறவன் பின்னால். முன்னால் இவள் போவது, மீன்கள் வேறு யாரையும் பார்த்து மிரளும் முன்பே எண்ணிவிட. பின்னால் ஜெரோம் வருவது, நாடாவுக்கு அடியில் அரை மீட்டருக்கு ஒரு முறை என்ன இருக்கிறது, உயிருள்ள பவளமா, செத்த பவளமா, மணலா, கடல் அட்டையா என்று குறித்துக்கொள்ள. ஒன்பது வருடமாக இப்படித்தான். ஒன்பது வருடத்தில் அவள் முகத்தைவிட அவளுடைய ஃபின்களைத்தான் அவன் அதிகம் பார்த்திருப்பான். அவன் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை, பின்னால் அவன் இருக்கிறான் என்பது மட்டும் தெரியும், முதுகில் சிலிண்டர் இருப்பது தெரிகிற மாதிரி. கோவில்பட்டியில் அம்மா அக்கம்பக்கத்தில் மகள் மீன் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது வந்து, சீலா இப்ப கிலோ என்ன வெல போவுது என்று கேட்பார்கள். அவளுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிற மீனைப் பற்றித்தான் அவளுக்கு ஏதாவது தெரியும்.

இருபத்து நான்காவது மீட்டர். கிளிமீன் மூன்று, பேத்தை ஒன்று, ஒரு களவா குகை வாசலில் வாயைத் திறந்தபடி யாரையோ திட்டுகிற முகத்தோடு. எழுதினாள். காதுக்குள் சடசடவென்று அப்பளம் பொரிகிற ஓசை ஓயாமல் கேட்டது, பாறைப் பொந்துகளில் இருக்கும் சொடுக்கு இறால்கள் எழுப்புவது. கடலுக்கடியில் அமைதி என்று எழுதுகிறவர்கள் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை. அதோடு தன் மூச்சின் இரைச்சல், குமிழிகளின் கலகலப்பு. இதில் ஜெரோமின் குமிழிச் சத்தம் தனியாகக் கேட்குமா என்றால் கேட்காது. தண்ணீரில் சத்தத்துக்குத் திசை கிடையாது, எல்லாம் தலைக்குள்ளேயே கேட்கிற மாதிரிதான் இருக்கும். சற்று முன் எதற்குத் தட்டினான்? ஏதாவது அஞ்சாலையைப் பார்த்திருப்பான். விலாங்கு மாதிரி பொந்திலிருந்து தலை நீட்டும் அந்த மீனைக் கண்டால் அவனுக்குச் சின்னப் பிள்ளைச் சந்தோஷம், தட்டித் தட்டிக் காட்டுவான். எண்ணுகிற நேரத்தில் தட்டாதே என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. இல்லை, காதா? காலையில் படகில் அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்ன செய்யுது என்று கேட்டாள். "சளி. இடது பக்கம் லேசா அடைச்சிருக்கு. நாளைக்கு வச்சுக்குவோமா சிந்தா?" நாளைக்கா. "நாளைக்குக் கச்சான் காத்து ஏறிரும் ஜெரோம். விட்டா ரெண்டு மாசத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. இது ஒண்ணுதான் பாக்கி." படகோட்டி கஸ்பார் மேற்கே வானத்தைப் பார்த்துவிட்டு, "மேடம் சொல்லுதது சரிதான், காத்து மாறுது" என்றார். அவன் சிலிண்டரை மாட்டத் தொடங்கினான். முதல் முறை இறங்கி நாடாவைப் போட்டுவிட்டு ஏறியபோதும் காதைப் பற்றிப் பேச்சு இல்லை. அவன் மனைவி மெர்லின் கொடுத்துவிட்ட இடியாப்பத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். காது சரியாகியிருக்கும். சரியாகாவிட்டால் இறங்கியிருக்க மாட்டான்.

முப்பத்தொன்றாவது மீட்டரில் வண்ணத்திமீன் வந்தது. உள்ளங்கை அகலத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக, கண் மேல் மை தீட்டின மாதிரி கறுப்புப் பட்டையோடு, தட்டைப் பவளத்தின் ஓரத்தில் கொத்திக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. வண்ணத்தி, 2 என்று எழுதினாள். எழுதிய பிறகு பென்சில் ஸ்லேட்டின் மேலேயே நின்றது. இரண்டா? இரண்டாவதை எங்கே பார்த்தாள்? வண்ணத்தி எப்போதும் ஜோடியாகத்தான் திரியும், ஒன்று இங்கே மேய்ந்தால் மற்றது பவளத்துக்கு அந்தப் பக்கம் மேயும், ஒரு தப்படி தள்ளி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் மீன் எண்ணுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒன்றைப் பார்த்ததும் கை இரண்டு என்று எழுதிவிடும். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, யாரும் ஒப்புக்கொள்வதும் இல்லை. அவள் தட்டைப் பவளத்தைச் சுற்றி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். போன வருடக் கோடையில் தண்ணீர் சூடேறி இந்தப் பவளம் வெளுத்துப் பாதி செத்துப்போனது, செத்த பாதியில் பாசி படர்ந்திருந்தது. மீன் இல்லை. மேலே பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள். முதல் மீன் மட்டும் அவளைச் சட்டை பண்ணாமல் கொத்திக்கொண்டிருந்தது. போன முறை இங்கே எழுதிய இரண்டு? அதற்கு முந்தின முறை? பவளம் வெளுத்தாலும் ஜோடிகள் கலையவில்லை என்று அறிக்கையில் ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறாளே, அந்த ஜோடிகளில் எத்தனை அவள் கண் பார்த்தவை, எத்தனை கை எழுதியவை? ஜெரோமிடம் காட்டலாம், நீயும் பார் என்று. திரும்பினாள். நாடா மட்டும் வெள்ளையாக நீண்டு ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் கலங்கலுக்குள் போனது. அவன் மெதுவாகத்தான் வருவான், அரை மீட்டருக்கு ஒரு முறை நிற்க வேண்டுமே. அவள் இரண்டை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினாள். எழுதும்போது மனசு கொஞ்சம் நேராகிவிட்ட மாதிரி இருந்தது. மேலே நகர்ந்தாள்.

நாற்பதாவது மீட்டரில் நாடாவில் சிவப்பு முடிச்சு இருக்கும், அந்த ஆழத்தில் அது சாம்பல் நிறமாகத் தெரியும். முடிச்சின் மேல் நின்று அவள் மறுபடியும் திரும்பிப் பார்த்தாள், இந்த முறை முழுதாக. நாடா. மணல். கலங்கல். குமிழி எங்கேயும் மேலே போகவில்லை. பத்து மூச்சு வரை அங்கேயே நின்று பார்த்தாள், எண்ணிக்கொண்டேதான். மஞ்சள் ஃபின் வரவில்லை. ஜெரோம் இல்லை. இந்த வாக்கியம் அவளுக்குள் மிகத் தெளிவாக ஓடியது, எழுவாய், பயனிலையோடு. இறங்கும்போது இரண்டு பேர் என்றால் ஏறும்போதும் இரண்டு பேர், கூட வந்தவரைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் தேடு, கிடைக்காவிட்டால் உடனே மேலே போ, மேலே போய்ப் பார். புதிதாக வருகிறவர்களுக்கு அவளே நூறு முறை சொல்லியிருக்கிறாள். அதுவும் தெளிவாக ஓடியது. அதற்குப் பின்னால் இன்னொன்றும் ஓடியது: இன்னும் பத்து மீட்டர்தான். இப்போது விட்டால் இந்தப் பாருக்கு இந்தப் பருவத்துக் கணக்கு இல்லை. நாற்பது மீட்டர் எண்ணியதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஐம்பது என்றால் ஐம்பதுதான். அவன் பின்னால்தான் இருப்பான். அந்தக் கலங்கலுக்குப் பின்னால் கடல் அட்டை ஏதாவது கிடைத்திருக்கும், அளந்துகொண்டிருப்பான். முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் அவன் மேல் மோதிக்கொள்ளத்தான் போகிறாள். அவள் முன்னால் திரும்பினாள். கால்கள் வழக்கம்போல மெதுவாக உதைத்தன.

கிளாத்தி ஒன்று, பதினெட்டு சென்டிமீட்டர். ஓரா ஏழு. நவரை நான்கு, தாடியால் மணலைக் கிளறிக்கொண்டு. அவள் இவ்வளவு நன்றாக இதற்குமுன் எண்ணியதில்லை. ஒவ்வொரு மீனும் வெட்டி ஒட்டியது போலத் துலக்கமாகத் தெரிந்தது, வால் துடுப்பின் ஓரக்கோடு வரைக்கும். அப்பா இறந்த அன்றும் இப்படித்தான். கோவில்பட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை வகை வகையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரப்பர், தோல், வார் அறுந்தது, ஒரே அளவில் இரண்டு ஜோடி, ஆண், பெண், குழந்தை. தங்கை மரகதம் உலுக்கி எழுப்பி, "என்னத்தப் பாத்துட்டு இருக்க நீ? அழக்கூட மாட்டியா?" என்று கத்தினாள். அறுபத்து மூன்று ஜோடி. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள். அப்பா கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டால் சொல்ல வராது. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள், பேசட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் கல் இல்லை அது. பயம் வந்தால் அவள் எண்ணத் தொடங்கிவிடுகிறாள், அவ்வளவுதான், மற்றவர்களுக்கு வேர்க்கிற மாதிரி, நாக்கு உலர்கிற மாதிரி. நாற்பத்தைந்தாவது மீட்டர். களவா இரண்டு. இரண்டா? இரண்டுதான், பார்த்தாள், இரண்டையும் கண்ணால் பார்த்தாள். மெர்லினிடம் எப்படிச் சொல்வது? வாசல் மணியை அடித்து, அவள் கதவைத் திறந்து, ஏன் நீ மட்டும் வந்திருக்க என்று கேட்க. இல்லை, கேட்க மாட்டாள், பின்னால் வண்டி நிறுத்திவிட்டு வருகிறான் என்றுதான் நினைப்பாள். அவளும் ஒன்றைப் பார்த்து இரண்டு என்றுதான் எண்ணுவாள். நாற்பத்தெட்டு. ஓரா மூன்று. நாற்பத்தொன்பது. ஒன்றும் இல்லை. ஐம்பது. நாடாவின் நுனியைப் பிடித்துக் கட்டியிருந்த கல்லைத் தொட்டாள், நேரம் பார்த்தாள், ஸ்லேட்டின் அடியில் 11.42 என்று எழுதி அதன் கீழே ஒரு கோடும் போட்டாள்.

அதன் பிறகுதான் அவளுக்குப் பைத்தியம் பிடித்தது. மீன்களைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நாடாவை ஒட்டிப் பின்னோக்கிப் பறந்தாள், ஃபின்கள் மணலைக் கிளப்பி அவளே தண்ணீரைக் கலக்கிக்கொண்டாள். நாற்பது. முப்பது. வண்ணத்தி அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தது, தாண்டிப் போனாள். ஒவ்வொரு பாறை மறைவிலும் ஒரு மஞ்சள் தெரிகிற மாதிரி இருந்து, கிட்டப் போனால் கடற்பஞ்சு. காது கிழிந்திருந்தால் தலை சுற்றும், எது மேல் எது கீழ் என்று தெரியாது, வாந்தி வரும், ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும். இதெல்லாம் அவளுக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கிளாத்தியின் நீளத்தை எழுதினாள். கடைசியாக அவனை எப்போது பார்த்தாள்? முப்பத்தொன்றில் பார்க்கவில்லை, வருவான் என்று நினைத்தாள். இருபத்து நான்கில் பார்க்கவில்லை, அஞ்சாலையாக இருக்கும் என்று நினைத்தாள். இருபதில் ஒரு ஃபின்னும் ஒரு கையும். அதற்கு முன்னால்? இறங்கும்போது பார்த்தாளா? ஒன்பது வருடத்தில் எத்தனை முறை உண்மையாகத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்? தொடங்கும் இடத்துக் கல் வரைக்கும் வந்துவிட்டாள். அங்கேயும் யாரும் இல்லை. மணலில் அவன் முட்டி பதிந்த மாதிரி ஒரு குழி இருந்தது, அது அவளுடையதாகவும் இருக்கலாம். காற்று அளவி முள் சிவப்புப் பக்கம் சாய்ந்திருந்தது.

மேலே ஏறும்போது அவசரப்படக் கூடாது, குமிழியைவிட மெதுவாக ஏற வேண்டும். அந்த மெதுவில் மனசு அந்தக் கையில் போய்ச் சிக்கிக்கொண்டது. கை ஏதோ காட்டியது. என்ன காட்டியது? உள்ளங்கை விரிந்து இருந்ததா, விரல் காதைத் தொட்டதா, கட்டைவிரல் மேலே நீண்டதா? கட்டைவிரல் மேலே என்றால் ஏறுவோம் என்று அர்த்தம். அதற்குப் பதிலாக அவள் என்ன காட்டினாள்? சரி. எதற்குச் சரி? ஒருவன் காது வலிக்கிறது என்றாலும் சரி, காற்று வரவில்லை என்றாலும் சரி, செத்துக்கொண்டிருக்கிறேன் என்றாலும் சரி, பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் யார் வந்து எதைக் கேட்டாலும் அவள் விரல் வட்டம் போட்டுச் சரி என்றுதான் சொல்லியிருக்கும். அந்தக் கையை மறுபடி மறுபடி வரவழைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டியது. செப்பிலிகள் மட்டும் அப்படியே வந்தன, முப்பத்து நான்கும், பாறைக்குப் பின்னால் பதுங்கிய குண்டன் உட்பட. தண்ணீர் பச்சையிலிருந்து வெளிறி, வெயில் கோடுகளாக இறங்கி, படகின் அடிவயிறு கறுப்பாகத் தலைக்கு மேலே வந்தது. ஏணியின் பக்கத்தில் மூழ்கினபடி யாருடைய கால்களாவது தொங்குகின்றனவா என்று தேடினாள். இல்லை. மாதாவே என்று ஜெரோம் வீட்டுச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு தலையை வெளியே நீட்டினாள்.

"இந்தா வந்துட்டாவ" என்றார் கஸ்பார். அவருக்குப் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காதில் பஞ்சோடு ஜெரோம் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. மூக்கின் ஓரத்தில் கொஞ்சம் ரத்தம் காய்ந்திருந்தது. அவள் ஏணியைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். அழுகை வந்தது, மாஸ்க்குக்குள்ளேயே வந்து மாஸ்க்குக்குள்ளேயே நின்றது. கஸ்பார் கையைக் கொடுத்துத் தூக்கினார். சிலிண்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு அவள் அவனுக்கு எதிரே பலகையில் உட்கார்ந்தாள்.

"லைன முடிச்சுட்டியா?" என்று கேட்டான் அவன்.

"முடிச்சுட்டேன். உனக்கு என்ன ஆச்சு?"

"காதுதான். சுரீர்னு குத்திச்சு பாரு, உயிரே போச்சு. அதான் சிலிண்டரத் தட்டி உன்னக் கூப்பிட்டு, காதக் காட்டி, மேல போறேன்னேன். நீ சரின்னியே."

"ஆமா."

"நீயும் கூட வருவன்னு நெனச்சேன். அப்புறம் சரி, முடிச்சுட்டு வருவன்னு விட்டுட்டேன். தப்புதான், ரெண்டு பேரும் சேந்து ஏறியிருக்கணும்."

"சார் ஒரு எடத்துல உக்காரல மேடம்" என்றார் கஸ்பார். "வந்ததுலேர்ந்து உங்க குமிழியத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. குமிழி போற பக்கமெல்லாம் படகைக் கொண்டு போ, கொண்டு போன்னு ஒரே பாடு. கடைசில நீங்க வேகமாத் திரும்பவும், பயந்துட்டாரு."

ஜெரோம் கூச்சத்தோடு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். அவள் பார்த்துத்தான் சரி என்றாள் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். நாளைக்கும் நம்புவான், அடுத்த வருடமும் அவள் பின்னாலேயே இறங்குவான். கேள்வி கேட்க யாரும் இல்லை, கடலுக்கடியில் சாட்சியும் இல்லை. ஆனால் அவன் அந்தக் குமிழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"நான் பாக்கல ஜெரோம்."

"என்னத்த?"

"நீ காட்டுனத. பாக்காமத்தான் சரின்னேன். செப்பிலி எண்ணிக்கிட்டு இருந்தேன்."

அவன் காதுப் பஞ்சை அழுத்திக்கொண்டான். "அப்போ நான் மேல வந்தது உனக்குத் தெரியாது."

"தெரியாது. நாப்பதுல திரும்பிப் பாத்தேன். நீ இல்ல. இல்லன்னு நல்லாத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் தேடுனியாக்கும்."

"இல்ல. முடிச்சுட்டுத்தான் தேடுனேன்."

கஸ்பார் எழுந்து இயந்திரத்தின் பக்கம் போய், அங்கே செய்வதற்கு ஏதோ இருக்கிறது என்பது போலக் குனிந்துகொண்டார். மேற்கிலிருந்து காற்று வரத் தொடங்கியிருந்தது. ஜெரோம் கையை நீட்டினான். அவள் முன்கையிலிருந்து ஸ்லேட்டை அவிழ்த்துக் கொடுத்தாள். அவன் அதை மடியில் வைத்து, முதல் வரியிலிருந்து விரலை வைத்துக்கொண்டு படித்தான், எல்லா வருடமும் கணக்கைச் சரிபார்க்கிற மாதிரியே. வண்ணத்திக்கு நேரே அடித்திருந்ததில் சற்று நின்றான். நாற்பதைத் தாண்டி விரல் மெதுவாயிற்று. கிளாத்தி, 1, 18. ஓரா, 7. நவரை, 4. களவா, 2. ஓரா, 3. நேரம், அடிக்கோடு. அந்தக் கடைசி வரிகளை அவன் இரண்டு முறை படித்தான்.

"எழுத்து கொஞ்சம்கூட ஆடல சிந்தா" என்று சொல்லி ஸ்லேட்டைத் திருப்பிக் கொடுத்தான்.